வெள்ளைப் பாலின் கடன்

அத்-பாஷி,
மார்ச் மாதத் தொடக்கம்

அன்பு மகள் அய்கனிஷுக்கு,

அம்மா புர்மகான் எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளை உலானையும், நான் இன்னும் முகர்ந்து பார்க்காத என் பேரனையும் ஆண்டவன் கண்போலக் காக்கட்டும். இங்கே உன் ஷெய்ஷென் அப்பா சுகம். மாடுகள் சுகம். சினைக்குதிரைக்கு வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் கீழே தள்ளி எழுதுகிறேன், முதலில் நல்லதைப் பேசிவிடுவோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், இவர் நடுவில் புகுந்து குதிரைக் கதை சொல்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. என் பால்மகன் ஜிர்கல் உங்கள் ஓம்ஸ்க் நகரத்துக்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை குருத், அதுதான் காயவைத்த தயிர் உருண்டையும், உருக்கிய வெண்ணெய் ஒரு ஜாடியும் இருக்கும். வெண்ணெய் உனக்கு. உலான் ரொட்டியில் தடவித் தின்று தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்.

எலாமான் என்று பெயர் வைத்தீர்களாமே, நல்ல பெயர். படத்தைப் பார்த்ததும் இவர் சொன்னார்: "மூக்கு யாரோடதோ தெரியலை, ஆனா முறைக்கிறது அப்படியே உன்னை மாதிரி." நீ என் வயிற்றில் பிறக்கவில்லை, அவன் எப்படி என்னைப் போல முறைப்பான் என்று கேட்டேன். "பால் வழியா முறைப்பு இறங்காதா என்ன?" என்றார். ஊரெல்லாம் படத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

இப்போது என் சேதி. என் ஓரகத்தி காலிமா உனக்குப் பாதி சொல்லியிருப்பாள். அவள் வாயில் பாதி என்பதே இரண்டு மடங்கு. அதனால் முழுசையும் என்னிடமே கேட்டுக்கொள். தலைக்குள், மூக்குக்குப் பின்னால், பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பியில் எனக்கு இருந்த கட்டியை இரண்டு முறை மூக்கு வழியாக வெட்டி எடுத்தார்கள், அப்புறம் கதிர் வைத்துச் சுட்டார்கள், உனக்குத் தெரியும். அது சும்மா இருக்கவில்லை. குளிர்காலம் முழுக்க முதுகு வலித்ததே, மாட்டுக்குத் தண்ணீர் தூக்கியதால் என்று நினைத்தேன். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் இரண்டு இடம், ஈரலில் ஒரு இடம். ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். தலையில் இருந்த அதே சரக்குதான். புற்றுநோய் என்று டாக்டர் ரைமா எசேனோவ்னா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அதுதான், ஆளைச் சுற்றிப் பேசமாட்டார்.

இந்தச் சுரப்பியில் வருகிற கட்டிகள் இருந்த இடத்திலேயே கிடக்குமாம். இப்படி ஈரலுக்கும் எலும்புக்கும் ஊர்சுற்றக் கிளம்புவது அபூர்வத்திலும் அபூர்வமாம். அவருடைய இத்தனை வருஷ வேலையில் நான் இரண்டாவது ஆள் என்றார். இவர் உடனே, "பாத்தீங்களா டாக்டர், எங்க வீட்டு ஆளு எதுலயுமே சாதாரணமா இருக்கமாட்டா" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் குதிரைக்குப் புல் போடப் போனார், சாப்பாடு ஆறும்வரை வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. போனால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

இன்னொன்று. அந்தக் கட்டி எங்கே போனாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பால் சுரக்கச் சொல்கிற சாறு ஒன்று இருக்கிறது, அதைத் தலையிலிருந்தபோதும் கொட்டியது, இப்போது ஈரலில் உட்கார்ந்துகொண்டும் கொட்டுகிறது. போன மாதம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், சட்டை முன்பக்கம் நனைந்தது. ஐம்பத்து மூன்று வயதில்! கட்டியை வெட்டி, மாத்திரை கொடுத்து, வற்றிப்போய் இத்தனை வருஷம் கழித்து. நான் அப்படியே மாவுக் கையோடு நின்றேன். பயம் வந்ததா என்று கேட்டால் வந்தது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்குமே, சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். யார் பெற்றிருந்தாலும் என்னிடம் பால் குடித்த இரண்டு பிள்ளைகள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு, கட்டிக்கொள்ள முடியாது. அதனால் நிச்சயத்துக்குப் பெண் காதில் கம்மல் மாட்டுவதற்கு முன்னால், "புர்மகான் அக்கா, இந்தப் பையன் உங்ககிட்ட வாய் வெச்சானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை ஒரு மாப்பிள்ளைப் பையன் தானே ஒளிந்து வந்து, "அக்கா, நான் குடிச்சிருந்தாக்கூட குடிக்கலைன்னு சொல்லிடுங்க" என்று காலில் விழுந்தான். அவன் குடித்ததே இல்லை. அவனைக் கொஞ்சம் அழவிட்டுத்தான் அதைச் சொன்னேன்.

இப்போது அந்த வாசலுக்கு வேறு கூட்டம் வருகிறது. என் நோய் பரவிவிட்டது என்று காதில் விழுந்ததும், என்னிடம் குடித்தவர்கள் எல்லாம் தலைக்குட்டையும் மிட்டாய்ப் பையும் தூக்கிக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். "அம்மா, வெள்ளைப் பாலை மன்னிச்சு விட்டுடுங்க" என்கிறார்கள். தாய் சாகப்போகிறாள் என்றால் பிள்ளைகள் வந்து குடித்த பாலின் கடனைத் தீர்த்துவிடச் சொல்லிக் கேட்பதும், அவள் "என் வெள்ளைப் பாலுக்கு என் மனசு நிறைஞ்சுது" என்று சொல்லி அவர்களை விடுவிப்பதும் நம் வழக்கம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சாகிறவளிடம் அல்லவா கேட்க வேண்டும்? நான் இங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் முன்னால் நிற்கிற ஜிர்கலையே கேள். கண் கலங்க, தலைக்குட்டையை என் தோளில் போட வந்தான். "யார் வீட்டு எழவுக்கு வந்தே?" என்று கேட்டேன். "இல்லம்மா, எல்லாரும் சொன்னாங்க..." என்று இழுத்தான். "எல்லாரும் சொன்னாங்கன்னா அவங்க வீட்டுத் தொழுவத்துக்குப் போ. இங்க வந்துட்டே இல்ல, மம்முட்டி அங்க இருக்கு, சாணியை அள்ளிப் போட்டுட்டுப் போ" என்றேன். மதியம்வரை அள்ளினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் நிலக்கரி உடைத்தான். அதற்கடுத்தவள் ஜன்னல் துடைத்தாள். வீடு இத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

நாளை மறுநாள் தலைநகருக்குப் போகிறேன். மாத்திரையாகவே விழுங்குகிற ஒரு மருந்து கொடுக்கப்போகிறார்கள், மாதத்தில் ஐந்து நாள். முழுக்க ஒழிக்காது, ஆனால் கட்டியைக் கட்டிப்போடப் பார்க்கலாம், சிலருக்கு வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறது என்றார் டாக்டர். கட்டிப்போட்டால் எனக்குப் போதும். கெட்ட குதிரையைக்கூட முளையில் கட்டி வைத்துக்கொண்டு நாம் வாழவில்லையா?

கடைசியாக ஒன்று கேட்கிறேன். படத்தில் பிள்ளை வாயில் பாட்டில் இருந்தது. முதல் நாள் ஏதோ அவசரம் என்று நினைத்தேன். அப்புறம் உலான் வாய்தவறி இவரிடம் சொல்லிவிட்டான்: உனக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதாம், நீ துணியால் மார்பை இறுக்கிக் கட்டியிருக்கிறாயாம், பிள்ளையை ஒருமுறைகூட மார்பில் போட்டுக்கொள்ளவில்லையாம். பிள்ளைக்கு எடை ஏறவில்லையாம். ஏன் அய்கனிஷ்? காலிமா சொல்கிறாள், என் பாலைக் குடித்ததால் நோய் உன்னிடமும் இறங்கியிருக்கும், உன்னிடமிருந்து பிள்ளைக்கும் போய்விடும் என்று நீ பயப்படுகிறாயாம். அவளிடம் நீ சொன்னாயோ, அவளே செய்தாளோ, தெரியாது. நான் டாக்டரிடம் நேராகக் கேட்டு உனக்கு எழுதுகிறேன். அதுவரை அந்தத் துணியை அவிழ்த்துப் போடு.

உன்னைச் சுற்றி வந்து உன் பீடையெல்லாம் எடுத்துக்கொள்கிற,
உன் அம்மா புர்மகான்.


தலைநகர் மருத்துவமனை,
நோருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தின வாரம்

என் அய்கனிஷுக்கு,

அம்மாவின் ஆசிகள். இதை உன் அண்ணன் தாலாய் போனில் படம் பிடித்து உலானுக்கு அனுப்புவான். அவனே இங்கே என்னைப் பார்த்துக்கொள்கிறான். வாடகை வண்டி ஓட்டி முடித்த கையோடு வந்து, கட்டிலுக்கு அடியில் பை வைத்து, "சாப்டியாம்மா, சாப்டியாம்மா" என்று உயிரை எடுக்கிறான். பெற்ற பிள்ளை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, கொஞ்சம் தள்ளி இருக்கிற பிள்ளைகளே தேவலை. சும்மா சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கியாகிவிட்டது. வயிறு கலங்குகிறது, ஆட்டுக்கறி வாசனையே ஆகவில்லை. நான் ஆட்டுக்கறியை வேண்டாம் என்று சொன்னதைத் தாலாய் போனில் சொன்னபோது, இவர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாராம். கதிர், கத்தி, மாத்திரை எதற்கும் கலங்காதவருக்கு அப்போதுதான் எனக்கு உடம்பு சரியில்லை என்றே தோன்றியிருக்கிறது.

கேட்டுவிட்டேன். டாக்டர் காலையில் சுற்றி வந்தபோது எல்லார் முன்னிலும் கேட்டேன். என் பாலைக் குடித்த பிள்ளைகளுக்கு இந்த நோய் வருமா, அவர்கள் பிள்ளைகளுக்கு வருமா என்று. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புர்மகான் அக்கா, கட்டி பால்ல இறங்காது. பாலைச் செய்யறது உங்க மார்பு. கட்டி சும்மா உத்தரவு போடுது, நிறுத்தத் தெரியாம போட்டுக்கிட்டே இருக்குது. உத்தரவு போட்டது கிறுக்கு, சரி. சமைச்சவ நல்ல சமையல்காரி. அந்தச் சமையல்ல எந்தக் குறையும் இல்லை."

நான் விடவில்லை. ஓம்ஸ்கில் இருக்கிற என் மகள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பயப்படுகிறாள், பரம்பரையாக வருமா என்றும் கேட்டேன். என் கேஸில் அப்படி ஒன்றும் இல்லை, தாலாயின் ரத்தத்தைக்கூடப் பார்த்தாகிவிட்டது, நல்லபடி இருக்கிறது என்றார். அப்புறம் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு உங்களுக்கு ரத்த உறவே இல்லையே அக்கா" என்றார். "பால் இருக்கே" என்றேன். அவர் காகிதங்களை மூடி வைத்தார். அவரும் நம் மண்ணில் பிறந்தவர்தானே, அவருக்கும் எந்த வீட்டிலாவது ஒரு பால்தாய் இருப்பாள்.

ஆக, காலிமா சொன்னது பொய். எழுதி வைத்துக்கொள். நோய் என்னோடு சரி, அது உன் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

இதை எழுதியதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் எனக்கு நெஞ்சு ஆறாது. என் பக்கத்துக் கட்டிலில் தலாஸிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். அவளுக்கும் அதே சுரப்பியில் கட்டி, ஆனால் சாதுவான கட்டி, எடுத்துவிட்டார்கள். அவளால் இப்போது பால் கொடுக்க முடியாது. நடைவழியில் அவள் புருஷன் நாலு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். பாட்டிலைக் காட்டினால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கத்துகிறது. எனக்குப் பால் வருகிறது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் வந்து தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, கேக்க வாய் வரலை... ஒரே ஒரு தடவை" என்றான்.

அய்கனிஷ், பிள்ளை அழுகிற சத்தத்துக்கே என் சட்டை நனைந்துவிட்டது. கை தானாக நீண்டது. என் வாழ்க்கையில் கேட்டு வந்த எந்தப் பிள்ளையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. நேற்று அனுப்பினேன். "இந்தப் பால்ல இப்போ மருந்து ஓடுது தம்பி, விஷம். உன் புள்ளைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கட்டி பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. நேற்று வந்தது. அப்புறம் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பையனைக் கூப்பிட்டு, பாட்டிலைப் பெற்றவளின் சட்டையில் சுற்றிப் பிள்ளையின் மூக்கருகே வைத்துக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்சம் குடித்தது. இன்று இன்னும் கொஞ்சம் குடித்தது.

உன் மார்பில் மருந்தும் இல்லை, நோயும் இல்லை. கொடுக்க ஆசைப்பட்டும் கொடுக்க முடியாதவள் ஒருத்தி இங்கே சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள். நீ அங்கே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்குக் கோபம் வருமா வராதா, நீயே சொல்.

பதில் எழுது. போனில் வேண்டாம், அழுதுவிடுவாய்.

கோபமும் பாசமும் ஒன்றாகவே இருக்கிற,
உன் அம்மா.


அத்-பாஷி,
ஏப்ரல்

என் கண்ணான அய்கனிஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாலாய் அச்செடுத்து, உறையில் போட்டு, நம் ஊருக்கு வருகிற வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினான். தாலாய் அதைப் படித்திருக்கிறான் என்று நினைக்கிறேன், போனில் அவன் குரலே சரியில்லை. நான் படித்தேன். மடித்து வைத்தேன். எழுந்து போய் மாடு கறந்தேன். திரும்ப வந்து படித்தேன். இவர் கேட்டார், நான் சொல்லவில்லை. இது நமக்குள் இருக்கட்டும்.

ஆக, உனக்கு நோய்ப் பயம் இல்லை. காலிமா நினைத்ததும் தப்பு, நான் டாக்டரைக் கேட்டதும் வீண். நீ எழுதியிருப்பது இது: பிள்ளையை மார்புக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் என் முகம் வருகிறதாம். "நாங்கதான் உங்களைக் குடிச்சுத் தீர்த்துட்டோம். அன்னைக்கு நாங்க வரிசையா வந்து குடிக்காம இருந்திருந்தா, பால் ஏன் நிக்கலைன்னு நீங்க அப்பவே டாக்டர்கிட்ட போயிருப்பீங்க. கட்டி அவரைக்கொட்டை அளவா இருக்கும்போதே எடுத்திருப்பாங்க" என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் நீயும் அதையே கேட்டுவிட்டாய். "எனக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிடுங்கம்மா. அப்பதான் என்னால என் புள்ளைக்குக் கொடுக்க முடியும்."

முதலில் டாக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். யாரிடம் போயிருப்பேன்? தாலாய்க்குப் பால் மறக்கடித்து ஒரு வருஷம் ஆகியும் பால் நிற்கவில்லை, மாதவிலக்கும் வரவில்லை, அப்போதே நம் ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் என் மார்பைப் பார்த்தாள், கையை விரித்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள், மறுநாள் காலையில் தன் தங்கையின் குறைமாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம். போகப்போக ஊரே அதை வரம் என்றது. நானும் என்றேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் வற்றாத பாலைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். நாம் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இதில் உன் பங்கு என்ன? நீ அப்போது பிறக்கவே இல்லை.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. உன்னைப் பெற்ற அப்பா உன்னைத் தன் தோல்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த நாள். உன்னைப் பெற்றவளை அன்று காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். வாசலில் நின்று கோட்டைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். எல்லாரும் அதைச் சொல்லும்போது, புர்மகான் ஒரு அனாதைப் பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று சொல்வார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.

நடந்தது வேறு. நர்ஸின் தங்கை பிள்ளை தேறித் தன் வீட்டுக்குப் போய்விட்டது, அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கொடுக்கப் பிள்ளையே இல்லை. மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் அடித்து, தொழுவத்துச் சுவரில் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கை ஓய்ந்துவிட்டது. தலைவலி வேறு, கண்ணைத் திறக்க முடியாது. இரண்டாவது பிள்ளை உண்டாகவே இல்லை என்று மாமியார் வீட்டில் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். காலிமாதான், வேறு யார், "பால் மட்டும் வருது, புள்ளை வரலை. வெறும் சட்டியில என்ன கொதிக்குதோ" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னாள். நான் மாடாக இருந்திருந்தால் விற்றிருப்பார்கள். எதற்காக எனக்கு இந்தப் பால் என்று ஆண்டவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து நீ வந்தாய்.

நீ உறிஞ்சக்கூட பலமில்லாமல் இருந்தாய். நான் பிழிந்து உன் உதட்டில் விட்டேன். அப்புறம் பிடித்துக்கொண்டாய். பிடித்ததும் விடவில்லை. கல் இளகியது, காய்ச்சல் இறங்கியது, அந்தக் குளிர்காலத்தில் முதல் முறையாக நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். காலிமா வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது, ஒரு இடம் வந்தது. உனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் எல்லாரும் நீ திறந்த கதவு வழியாக வந்தவர்கள்.

நீயா என்னைக் குடித்துத் தீர்த்தாய்? நீ குடித்ததால்தான் நான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினேன். கணக்கு பார்ப்பதென்றால் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு வரவேண்டும், தலைக்குட்டையும் மிட்டாய்ப் பையும் எடுத்துக்கொண்டு.

பால் கொடுத்ததால் கட்டி வருவதில்லை, கொடுக்காமல் இருந்தால் போவதுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார், இதை உனக்காகத் தனியாகப் போன் போட்டுக் கேட்டேன். அது ஏன் வந்தது, ஏன் கிளம்பிச் சுற்றுகிறது என்று உலகத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாதாம். யாருக்கும் தெரியாததற்கு நீ எப்படிப் பொறுப்பாவாய்? அவ்வளவு பெரிய ஆளா நீ?

முதல் சுற்று மாத்திரைக்கு அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சாறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "குதிச்சுடாதீங்க அக்கா, ஒரு தடவை இறங்கறது கணக்கில்லை. ஆனா கெட்ட சேதி இல்லை" என்றார் ரைமா எசேனோவ்னா. நான் குதிக்கவில்லை. இவர்தான் ஆடு அறுக்க வேண்டும் என்று கத்தியைத் தீட்டினார். எனக்கு ஆட்டுக்கறி ஆகாது என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ யாருக்காக அறுக்கிறது?" என்றார். பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு வாசனை ஒத்துக்கொள்ளும், அப்போது அறுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆடு இப்போது தொழுவத்தில் கொழுத்துக்கொண்டிருக்கிறது.

முதுகு வலிக்கிறது. மறைக்கவில்லை. தடி ஊன்றி நடக்கிறேன். கோடையில் மேய்ச்சல் மலைக்கு நான் வரக்கூடாது என்று தாலாய் சொல்கிறான். குதிரையில் ஏற்றமாட்டார்கள், சரி, வண்டியில் மூட்டையோடு மூட்டையாக ஏறிப் போவேன். அங்கே உட்கார்ந்து மாத்திரை விழுங்கினால் அது விழுங்கினதாகாதா? நீ தூங்கின தொட்டிலை இவர் பரணிலிருந்து இறக்கி, தளர்ந்த கட்டையை இறுக்கி, புதுத் தோல்வார் போட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவராகச் செய்தார். எலாமான் அதில் படுக்க வேண்டும்.

இப்போது நீ கேட்ட வார்த்தை. அதை நான் எழுதமாட்டேன், மகளே. ஜிர்கலுக்குச் சொல்லாததை உனக்கும் சொல்லமாட்டேன். அது விடைகொடுக்கிற வார்த்தை. நான் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. நீ என்னை அன்போடுதான் கேட்டாய், எனக்குத் தெரியும், ஆனால் அதைப் படித்தபோது என் மீது துணியை இழுத்துப் போர்த்தியது போல் இருந்தது.

கடன் பட்டிருக்கிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், நான் தள்ளுபடி செய்யப்போவதில்லை. ஆனால் அதை என்னிடம் கட்ட முடியாது. உன் மடியில் பசியோடு முறைத்துக்கொண்டு கிடக்கிறானே, அவனிடம் கட்டு. துணியை அவிழ். பால் குறைந்திருந்தாலும் பயப்படாதே, போடப் போடச் சுரக்கும், இதை உனக்குச் சொல்ல என்னைவிடத் தகுதியானவள் இந்த மலைநாட்டில் இல்லை. முதலில் முகத்தைத் திருப்புவான், பாட்டில் பழகியவன். விடாதே. உதட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார், நான் உனக்கு விட்டது போல. என் முகம் வந்தால் வரட்டும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கும்.

நாம் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம். நான் இங்கே வாந்தியை அடக்கிக்கொண்டு என் மாத்திரையை விழுங்குகிறேன். நீ அங்கே கண்ணீரை அடக்கிக்கொண்டு அவனைப் போட்டுக்கொள். அடக்க முடியாவிட்டால் அழுதுகொண்டே போட்டுக்கொள், பாலுக்கு அது தெரியாது.

உன் வீட்டில் வெளிச்சம் நிறையட்டும், உன் மார்பு வற்றாதிருக்கட்டும், வற்றவேண்டிய நாளில் ஒழுங்காக வற்றட்டும். எலாமானுக்குப் பல் முளைத்து உன்னைக் கடிக்கிற நாள் ஒன்று வரும். நீ "ஆ" என்று கத்துவாய். அன்று எனக்குச் சேதி அனுப்பு. அந்தச் சேதி வராமல் நான் எங்கும் போவதாக இல்லை.

தன் வெள்ளைப் பாலுக்கு இன்னும் மனம் நிறையாத,
உன் அம்மா புர்மகான்.